வாசகர் கேள்வி பதில்: ரிப்போர்ட் எழுத யாரு சொல்லித் தர்றது?

இந்தத் தடவ வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல எழுத்தப் பத்தித்தான். இன்ஜினியரிங் பசங்களுக்கு ரிப்போர்ட், பேப்பர், மேனுவல் எழுதக் கத்துக்கொடுக்கிறது எப்படின்னு ஆசிரியர்கள் கேட்டிருக்காங்க, எழுத உக்காந்தா கை ஓட மாட்டேங்குதேன்னு மாணவர்கள் கேட்டிருக்காங்க. பல வருஷமா இந்த வகுப்பு எடுத்துக்கிட்டு இருக்கிறவன்ங்கிறதால இந்த இதழ் பக்கத்த முழுசா இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: சார், நான் எலக்ட்ரானிக்ஸ் டிபார்ட்மென்ட் ஆசிரியை. இந்த செமஸ்டர் டெக்னிக்கல் ரைட்டிங் பேப்பர எனக்குக் கொடுத்துட்டாங்க, வகுப்புல அறுபது பேர். சிலபஸ்ல மெமோ எத்தன வகை, ரிப்போர்ட் எத்தன வகை, நல்ல கடிதத்துக்கு என்ன லட்சணம்னு தான் இருக்கு. பசங்க அத மனப்பாடம் பண்ணி பரீட்சையில எழுதிட்டு, மறுநாளே லேப் ரெக்கார்ட்ல பழையபடி எழுதுறாங்க. எங்கேந்து ஆரம்பிக்கிறது?

பதில்: மேடம், வகைகள அப்பறம் பாத்துக்கலாம். முதல் வாரமே ஒரு காரியம் பண்ணுங்க. உங்க லேப்ல ஆசிலோஸ்கோப் இருக்கும், மின் அலைய ஸ்க்ரீன்ல காட்டுற கருவி. ரெண்டு ரெண்டு பேரா உக்கார வெச்சு, ஒருத்தர "ஃபங்ஷன் ஜெனரேட்டர்லேந்து வர்ற ஸ்கொயர் வேவ ஸ்க்ரீன்ல ஆடாம நிறுத்தி, அதோட உயரத்த அளக்குறது எப்படி"ன்னு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க. எழுதினத அடுத்தவர் வாங்கிப் படிச்சு, அதுல என்ன இருக்கோ அத மட்டும் செய்யணும். எழுதினவர் பக்கத்துலயே நிக்கலாம், ஆனா வாயத் திறக்கக் கூடாது, கை காட்டக் கூடாது. அவ்ளோதான் விதி.

நான் ஒவ்வொரு வருஷமும் இத செய்யறேன், ஒவ்வொரு வருஷமும் அதே இடத்துல தான் மாட்டுவாங்க. "ப்ரோப கனெக்ட் பண்ணவும்"னு எழுதியிருப்பாங்க, ப்ரோப்னா சர்க்யூட்ட ஸ்கோப்போட இணைக்கிற வயர். படிக்கிறவர் முனைய மட்டும் மாட்டிட்டு கிரவுண்டு கிளிப்ப தொங்க விட்டுடுவார், ஸ்க்ரீன் முழுக்க இரைச்சலா இருக்கும். அதத் தாண்டினா ப்ரோப்ல இருக்கிற சின்ன ஸ்விட்ச், சிக்னல பத்துல ஒரு பங்கா குறைக்கிற பத்து மடங்குல இருக்கும், ஸ்கோப் ஒரு மடங்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும், 5 வோல்ட் வர வேண்டிய இடத்துல அர வோல்ட் வந்து நிக்கும். படிச்சவர் சந்தோஷமா 0.5ன்னு குறிச்சுக்குவார். எழுதினவர் பக்கத்துல நின்னு தவிச்சுக்கிட்டு இருப்பாரு பாருங்க, அந்த ரெண்டு நிமிஷத்துல அவருக்குப் புரியறது நான் பத்து வகுப்பு பேசினாலும் புரியாது. அவருக்குத் தெரிஞ்சது தாள்ல இல்ல, அத அவரே கண்ணால பாத்துட்டார்.

ஏன் இது வேல செய்யுதுன்னா, நம்ம பசங்க ஸ்கூல்லேந்து எழுதுனதெல்லாம் பதில் தெரிஞ்ச ஒருத்தருக்குத்தான். டீச்சருக்கு ஓம்ஸ் லா தெரியும், அத எனக்கும் தெரியும்னு காட்டத்தான் எழுதுறாங்க, அதனால ஒரு படிய விட்டாலும் டீச்சர் மனசுல நிரப்பிக்கிட்டு மார்க் போட்டுடுவார். வேலைக்குப் போனப்புறம் படிக்கிற ஆளுக்கு பதில் தெரியாது, அதுக்காகத்தான் படிக்கிறார், படிச்சிட்டு ஒரு வால்வத் திறக்கப் போறார் இல்லன்னா ஒரு ஆர்டர்ல கையெழுத்துப் போடப் போறார். இந்த வாசகர் மாத்தம் தான் உங்க பேப்பரோட முழு விஷயமும்னு நான் நம்புறேன். மெமோ வகையெல்லாம் இது புரிஞ்சா அர மணி நேரத்துல ஏறிடும்.

அதனால லேப் ரெக்கார்ட விட்டுடாதீங்க, அது உங்களுக்குக் கிடைச்ச வசதி. ஒவ்வொரு பரிசோதன முடிவுலயும் ஒரே ஒரு பத்தி, இந்த லேப்புக்கு வராத ஒரு நண்பருக்கு எழுதுற மாதிரி: என்ன பாத்தோம், என்ன வந்துச்சு, எவ்ளோ நம்பலாம், எதிர்பாத்ததுலேந்து எங்க விலகுச்சு. "பரிசோதனை வெற்றிகரமாகச் செய்து முடிக்கப்பட்டது"ங்கிற வரிய தடை பண்ணிடுங்க. அந்த ஒரு வரிக்குப் பின்னாடி எத்தனையோ பேர் நாலு வருஷம் ஒளிஞ்சுக்கிறாங்க.

கேள்வி: நான் மென்பொருள் பக்கம் போகப் போறவன், மூணாவது வருஷம். கோடு நல்லா எழுதுறேன், எனக்கு எதுக்கு சார் இந்த எழுத்தெல்லாம்? வேல செஞ்சா போதாதா?

பதில்: தம்பி, நேரா கேட்டதுக்கு நன்றி, மனசுல வெச்சுக்கிட்டு வகுப்புல தூங்குறத விட இது எவ்ளவோ மேல்.

1999 செப்டம்பர் 23ஆம் தேதி நாசாவோட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்ங்கிற விண்கலம் செவ்வாய் கிட்ட போய் தொலஞ்சுபோச்சு. தரையில ஓடின ஒரு சாஃப்ட்வேர் உந்துவிசைக் கணக்க பவுண்ட்-செகண்ட்ல கொடுத்துச்சு, அத வாங்கிக்கிட்ட இன்னொன்னு மெட்ரிக் அளவான நியூட்டன்-செகண்ட்னு எடுத்துக்கிச்சு. ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட நாலரை மடங்கு வித்தியாசம். மெட்ரிக்ல தான் கொடுக்கணும்னு ரெண்டு சாஃப்ட்வேருக்கும் நடுவுல இருந்த இன்டர்ஃபேஸ் டாக்குமென்ட்ல எழுதியே இருந்துச்சு, இந்தப் பக்கம் அதுபடி நடக்கல, நடக்கலைங்கிறத யாரும் சரிபாக்கவும் இல்ல. நீ எழுதப் போற ஒவ்வொரு ஏபிஐக்கும் (ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்னோட பேசுற வழி) அப்படி ஒரு டாக்குமென்ட் இருக்கும்ப்பா, இல்லன்னா இருக்கணும், நீ தான் எழுதணும், அடுத்தவன் எழுதினத நீ தான் படிச்சு நடக்கணும்.

இன்டர்நெட்டே எழுத்துல நிக்குது. இன்டர்நெட் விதிமுறைகள்ல வர்ற வார்த்தைகளுக்காக 1997 மார்ச்ல ஆர்எஃப்சி 2119ன்னு ஒரு சின்ன ஆவணம் வந்துச்சு. "மஸ்ட்"னு எழுதினா கட்டாயம், "ஷுட்"னு எழுதினா தகுந்த காரணம் இருந்தா விடலாம் ஆனா விளைவ யோசிச்சுட்டு விடணும், "மே"ன்னு எழுதினா உன் இஷ்டம், இப்படி ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரே அர்த்தம்னு கட்டி வெச்சாங்க. ஏன் அப்படிக் கட்டணும்? ஒருத்தரையொருத்தர் பாத்தே இராத ரெண்டு பேர், ஒரே தாளப் படிச்சு தனித்தனியா கோடு எழுதி, அது ரெண்டும் ஒன்னோட ஒன்னு பேசணும். அங்க "பொதுவா அனுப்பலாம்"னு எழுதி வெச்சா ஒருத்தர் அனுப்புவார், இன்னொருத்தர் அனுப்ப மாட்டார், ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துடும்.

நீ செஞ்சது வேல செய்யுதுன்னு உனக்குத் தெரியும். ஆறு மாசம் கழிச்சு அதத் தொடப் போறவருக்கு நீ எழுதி வெச்சது மட்டும் தான் தெரியும்.

கேள்வி: இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவி. ஹீட் சிங்க் (மின்னணுக் கருவியோட சூட்ட வெளிய தள்ளுற உலோகப் பாகம்) பத்தின ப்ராஜெக்ட் முடிச்சு 84 பக்கம் ரிப்போர்ட் எழுதிட்டேன். கைடு முதல் பக்கத்த மட்டும் படிச்சிட்டு "திருப்பி எழுது"ன்னு சொல்லிட்டார், என்ன தப்புன்னு சொல்லல. அப்ஸ்ட்ராக்ட (ரிப்போர்ட்டோட சுருக்கத்த) இதோட அனுப்பியிருக்கேன். கொஞ்சம் பாத்து சொல்லுங்க சார்.

பதில்: பாத்தேன்மா. உங்க அப்ஸ்ட்ராக்ட் இங்கிலீஷ்ல இருக்கு, எல்லாருக்கும் புரியட்டும்னு தமிழ்ல போடுறேன்:

"இன்றைய நவீன உலகில் மின்னணுக் கருவிகளின் பயன்பாடு நாளுக்கு நாள் பெருகி வருகிறது. அவற்றில் வெப்ப மேலாண்மை மிக முக்கியப் பங்கு வகிக்கிறது. இத்திட்டத்தில் ஒரு ஹீட் சிங்க் வடிவமைக்கப்பட்டு ஆய்வு செய்யப்பட்டது. பல்வேறு அளவுருக்கள் ஆராயப்பட்டன. முடிவுகள் விரிவாக விவாதிக்கப்பட்டு, செயல்திறன் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது கண்டறியப்பட்டது."

இதுல ஒரு எழுத்துப் பிழை கூட இல்ல, இலக்கணம் சுத்தமா இருக்கு. ஆனா இத அப்படியே எடுத்து உங்க பக்கத்து டீமோட ப்ராஜெக்ட்டுக்கு ஒட்டினாலும் ஒட்டும். ஹீட் சிங்க்ங்கிற இடத்துல ரேடியேட்டர்னு போட்டா அதுக்கும் பொருந்தும். எங்க போட்டாலும் பொருந்துற பத்தி எதையும் சொல்லாத பத்தி. உங்க கைடு அதத்தான் பாத்திருப்பார், வாய்விட்டுச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஆனா உங்க ரிப்போர்ட் 61ஆம் பக்கத்துல ஒரு டேபிள் இருக்கு பாருங்க, அங்க தான் தங்கம் இருக்கு. அத வெச்சு நான் எழுதிப் பாத்தேன்:

"விசிறி இல்லாம, காத்து தானா மேல ஏறுறதுலயே குளிர்ற ஹீட் சிங்க்ல ஃபின் தகடுகளுக்கு நடுவுல எவ்ளோ இடைவெளி விடணும்னு பாத்தோம். 10 வாட் வெப்பத்துல, 30 டிகிரி அறையில, 4, 8, 12 மில்லிமீட்டர்னு மூணு இடைவெளி சோதிச்சோம். அடித்தட்டோட வெப்பம் முறையே 71, 63, 67 டிகிரி. அதனால இந்த மூணுல 8 மில்லிமீட்டர் தான் நல்லது. நெருக்கமா வெச்சா நடுவுல காத்து ஏற முடியாம திணறுது, ரொம்ப அகலமா வெச்சா ஃபின் எண்ணிக்க கொறஞ்சு மொத்தப் பரப்பு போயிடுது. 40 மில்லிமீட்டர் உயர ஃபின்ன நிக்க வெச்சு மட்டும் தான் பாத்தோம், படுக்க வெச்சா இந்த முடிவு மாறலாம்."

ரெண்டையும் ஒன்னுக்குப் பக்கத்துல ஒன்னு வெச்சுப் படிங்க. ரெண்டாவதுல நவீன உலகம் இல்ல, முக்கியப் பங்கு இல்ல, குறிப்பிடத்தக்கவும் இல்ல. ஒரு கேள்வி இருக்கு, அதுக்கு எண்ணோட பதில் இருக்கு, ஏன்னு காரணம் இருக்கு, எது வரைக்கும் நம்பலாம்னு ஒரு எல்லை இருக்கு. ஹீட் சிங்க் வாங்கப் போற ஒரு இன்ஜினியர் இத மட்டும் படிச்சுட்டு தன் வேலயப் பாக்கலாம். அந்தக் கடைசி வரிய எழுத நிறைய பேர் பயப்படுவாங்க, நம்ம வேலையில குறை இருக்குன்னு நாமே சொல்ற மாதிரி இருக்கேன்னு. இல்லம்மா, எல்லை போடுறது தான் வாசகருக்கு நீங்க கொடுக்கிற மரியாத.

இன்னொன்னு. உங்க டேபிள்ல 63.4827 டிகிரின்னு போட்டிருக்கீங்க. நீங்க வெச்சது கே டைப் தெர்மோகப்புள்ங்கிற வெப்பம் அளக்குற கருவி, சாதாரண கிரேடுல அது ரெண்டு டிகிரிக்கு மேலயே முன்னப்பின்ன காட்டலாம். கம்ப்யூட்டர் நாலு டெசிமல் கொடுத்துச்சுங்கிறதுக்காக அத எழுதினா, அளக்கவே அளக்காத ஒன்ன அளந்தேன்னு சொல்ற மாதிரி ஆயிடும். 63ன்னு போடுங்க. பிழை ரெண்டு டிகிரின்னா 63க்கும் 67க்கும் நடுவுல இருக்கிற நாலு டிகிரி நிஜமான வித்தியாசம் தானான்னு வைவாவுல (வாய்மொழித் தேர்வுல) கேப்பாங்க, மூணுக்கும் ஒரே தெர்மோகப்புள அதே இடத்துல வெச்சு எடுத்தீங்களா, எத்தன தடவ திருப்பி எடுத்தீங்கன்னு ரிப்போர்ட்லயே எழுதிடுங்க.

84 பக்கத்துல முதல் 30 பக்கம் வெப்பக் கடத்தலோட வரலாறு. அத எடுத்துடுங்க, வெக்கணும்னா உங்க கேள்விக்கு நேரா தொடர்புள்ள ரெண்டு பக்கம் போதும்.

கேள்வி: "குறிப்பிடத்தக்க அளவு"ன்னு எழுதக் கூடாதுன்னு எங்க மேடம் திட்டுறாங்க. எல்லா பேப்பர்லயும் அந்த வார்த்தை இருக்கே, அதுல என்ன தப்பு?

பதில்: உங்க மேடம் சொல்றது சரி. ஏன்னு ஒரு நடந்த கதையோட சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

2003 ஜனவரி 16 அன்னிக்கு கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பின 82ஆவது வினாடியில, வெளி டேங்க்லேந்து ஒரு நுரைத் துண்டு பிச்சுக்கிட்டு வந்து இடது இறக்கையில மோதுச்சு. ஓடம் மேல சுத்திக்கிட்டு இருக்கும்போதே கீழ இன்ஜினியர்கள் உக்காந்து, அது எவ்ளோ சேதம் பண்ணியிருக்கும்னு கணக்குப் போட்டு ஸ்லைடு போட்டுக் காட்டினாங்க. அதுல ஒரு ஸ்லைடோட தலைப்பப் படிச்சா, பழைய சோதனை டேட்டாவப் பாத்தா நம்ம கணிப்பு பாதுகாப்பான பக்கம் தான் இருக்குங்கிற மாதிரி மனசு ஆறுதலாகும். அதே ஸ்லைடோட அடியில, உள்ளுக்குள்ள உள்ளுக்குள்ள போற புல்லட் பாயின்ட் வரிகளுக்குக் கடைசியில, இந்த நுரைத் துண்டோட அளவு 1920 கன அங்குலம், சோதனையில பாத்தது 3 கன அங்குலம்னு இருந்துச்சு. அதாவது 640 மடங்கு பெரிசு. சோதிச்சுப் பாத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்கிறது தான் அந்த ஸ்லைடோட நிஜமான செய்தி, அது கடைசி வரியில கிடக்கு, தலைப்பு வேற பக்கம் கூட்டிக்கிட்டுப் போகுது. "சிக்னிஃபிகண்ட்"ங்கிற வார்த்தை அந்த ஒரே ஸ்லைடுல அஞ்சு தடவ வேற வேற அர்த்தத்துல வருதுன்னு விசாரணை அறிக்கையே எடுத்துக் காட்டுச்சு. பிப்ரவரி 1ஆம் தேதி திரும்பி வரும்போது ஓடம் சிதறி ஏழு பேரும் போயிட்டாங்க.

ஸ்லைடு ஒன்னு தான் காரணம்னு நான் சொல்லல, அங்க நிர்வாகத்துல, முடிவெடுக்கிற விதத்துல பல கோளாறு இருந்துச்சுன்னு அதே அறிக்கை சொல்லுது. ஆனா ஒரு டெக்னிக்கல் பேப்பரா முழு வாக்கியத்துல எழுதியிருந்தா அந்த 640 மடங்க ஒளிச்சு வெக்கிறது கஷ்டம். "குறிப்பிடத்தக்க"ன்னு எழுதுற ஒவ்வொரு தடவையும் அங்க ஒரு எண் இருந்திருக்கணும், அத நீங்க எழுதாம விட்டுட்டீங்கன்னு அர்த்தம். புள்ளியியல் சோதனை பண்ணி அந்தக் கணக்கோட சொல்றீங்கன்னா அது வேற, அங்க அந்த வார்த்தைக்கு ஒரே பொருள் தான்.

இதே மாதிரி படத்துக்கும். 1986 ஜனவரி 27 ராத்திரி, சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பி வெடிச்சதுக்கு முந்தின நாள், குளிர் அதிகமா இருக்கு, ராக்கெட்டோட இணைப்ப அடைக்கிற ஓ-ரிங் ரப்பர் வளையம் சரியா அடைக்காது, வேண்டாம்னு இன்ஜினியர்கள் சொன்னாங்க. அவங்க சொன்னது சரி, சொல்ற தைரியமும் இருந்துச்சு. ஆனா வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் உள்ள தொடர்ப ஒரே பார்வையில காட்டுற படம் அன்னிக்கு மேசையில இல்ல. அப்பறம் விசாரணைக் குழு எல்லாப் பயணங்களையும் எடுத்து வெச்சுப் பாத்தப்போ, 66 ஃபாரன்ஹீட்டும் அதுக்கு மேலயும் கிளம்பின 20ல 3ல தான் பிரச்சன, 63ம் அதுக்குக் கீழயும் கிளம்பின 4லயும் நாலுமே பிரச்சன. சேதம் ஆகாத பயணங்களையும் சேத்து வெச்சாத்தான் அது தெரியும். நான் வகுப்புல இந்த டேட்டாவக் கொடுத்து, எதுவும் சொல்லாம, "நாளைக்குக் காலைல கிளம்பலாமா வேண்டாமான்னு முடிவெடுக்கப் போற ஒருத்தருக்கு ஒரு படம் போடுங்க"ன்னு சொல்வேன். பயணம் நடந்த தேதி வரிசையில போடுறவங்க தான் அதிகம். வெப்பநிலை வரிசையில போடணும்னு யாராவது ஒருத்தர் கண்டுபிடிச்சதும் வகுப்பு அமைதியாயிடும்.

கேள்வி: பேப்பர்ல "நாங்க செஞ்சோம்"னு எழுதலாமா, "செய்யப்பட்டது"ன்னு தான் எழுதணுமா?

பதில்: ரெண்டும் எழுதலாம். டிஎன்ஏ அமைப்ப சொன்ன வாட்சன், கிரிக் பேப்பர் 1953 ஏப்ரல் 25 நேச்சர் இதழ்ல வந்துச்சு, ஒரு பக்கத்துக்கு சத்தே மேல தான் அது, முதல் வாக்கியமே "நாங்க"ன்னு தான் ஆரம்பிக்கும். யார் செஞ்சாங்கங்கிறது முக்கியமில்லாத இடத்துல, "சாம்பிள் 200 டிகிரியில ரெண்டு மணி நேரம் சூடாக்கப்பட்டது"ன்னு போட்டா நல்லாத்தான் இருக்கும். ஆனா "முடிவு செய்யப்பட்டது", "அனுமானிக்கப்பட்டது"ன்னு வர்ற இடத்துல யார் முடிவு பண்ணாங்கன்னு சொல்லியே ஆகணும், பொறுப்பு யாருதுன்னு வாசகருக்குத் தெரியணும். நீங்க அனுப்பப் போற இதழோ காலேஜோ இதுக்கு விதி வெச்சிருந்தா அதுபடி போங்க.

கேள்வி: சார், நான் தமிழ் மீடியத்துல படிச்சு வந்தவன். விஷயம் எனக்குப் புரியுது, இங்கிலீஷ்ல எழுத உக்காந்தா ஒன்னும் வர மாட்டேங்குது. மத்தவங்க ரிப்போர்ட்டப் பாத்து வாக்கியத்த எடுத்து ஒட்டித்தான் எழுதுறேன். காப்பி கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர்ல போட்டா 41 சதவீதம் ஒத்துப்போகுதுன்னு காட்டுது. வெக்கமா இருக்கு.

பதில்: தம்பி, வெக்கப்படாதீங்க. நீங்க திருடணும்னு எடுக்கல, வார்த்த இல்லாம எடுத்தீங்க, இத நான் ஒவ்வொரு பேட்ச்லயும் பாக்குறேன். ஆனா அப்படியே விட்டுட முடியாது, அடுத்தவர் வாக்கியத்த எடுத்து நாலு வார்த்தைய மாத்திப் போடுறதும் காப்பி தான், கீழ நம்பர் போட்டு மேற்கோள் கொடுத்தாலும் வாக்கியம் அவருதே.

இப்படிப் பண்ணிப் பாருங்க. படிக்க வேண்டியத படிச்சிட்டு அந்த பேப்பர மூடிடுங்க, நெஜமாவே மூடிடுங்க, ஸ்க்ரீன்ல இருக்கக் கூடாது. உங்க ரூம்மேட்டுக்கு தமிழ்ல அத சொல்லுங்க, போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கங்க. அவர் எங்கெல்லாம் "புரியல"ன்னு சொல்றாரோ அங்கெல்லாம் உங்களுக்கும் பாதி தான் புரிஞ்சிருக்கும், திரும்பிப் போய் படிங்க. அப்பறம் அந்த ரெக்கார்டிங்கக் கேட்டு தமிழ்லயே எழுதிக்கங்க. அதுக்கப்பறம் இங்கிலீஷ், ஒரு வாக்கியத்துல ஒரு விஷயம் மட்டும். "பம்ப் ஸ்டார்ட் ஆச்சு. பிரஷர் 3 பார் வரைக்கும் ஏறுச்சு. அப்பறம் வால்வு திறந்துச்சு." இத இங்கிலீஷ்ல எழுத பெரிய இங்கிலீஷ் வேண்டாம். சின்ன வாக்கியத்த வாசகர் கொற சொல்ல மாட்டார், சரியா இருந்தா போதும். நீளமான வாக்கியத்தப் பாத்து நல்ல இங்கிலீஷ்னு நெனச்சுக்கிறது தான் பாதிக் கஷ்டத்துக்குக் காரணம்.

அந்த 41ங்கிற எண்ணப் பாத்துப் பயப்படாதீங்க, அதுக்குள்ள என்ன இருக்குன்னு திறந்து பாருங்க. மேற்கோள் பட்டியல், பரிசோதனைக் கருவியோட பேரு, எல்லாரும் எழுதுற ஃபார்முலா வாக்கியம் இதெல்லாம் கூட ஒத்துப்போகும், அதுல தப்பில்ல. அதே சமயம் 8 சதவீதம் தான் வந்துச்சுன்னு நிம்மதியா இருக்கிறவர் கிட்ட அந்த எட்டும் ஒரே ஆளோட ரெண்டு பக்கமா இருந்தா அது தப்பு. ஆசிரியர்களும் இந்த எண்ணை மட்டும் பாத்து பாஸ் பெயில் போடாதீங்கன்னு கேட்டுக்கறேன்.

கேள்வி: பசங்க எல்லாரும் இப்போ ஏஐ கிட்ட கொடுத்து ரிப்போர்ட் வாங்கிடுறாங்க. நான் கண்டுபிடிக்கிறதா, தடுக்கிறதா, விட்டுடறதா?

பதில்: 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததுலேந்து எனக்கும் இதே கேள்வி தான். கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர நம்பி யாரையும் குற்றவாளி ஆக்காதீங்க, அது நேர்மையா எழுதின பிள்ளையையும் மாட்டி விடும், குறிப்பா இங்கிலீஷ் இரண்டாவது மொழியா எழுதுற பிள்ளைங்கள.

நான் என்ன பண்றேன்னா, அவங்க லேப்ல அவங்க கையால எடுத்த டேட்டாவ வெச்சு எழுதுற வேலையா கொடுக்கறேன், டிராஃப்ட் ஒன்னு, ரெண்டு, மூணு எல்லாத்தையும் வாங்குறேன், ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல என்ன மாத்துனீங்க, ஏன் மாத்துனீங்கன்னு அஞ்சு நிமிஷம் உக்கார வெச்சுப் பேசுறேன். "இந்த வரியில ஏன் 8 மில்லிமீட்டர்னு சொல்றீங்க?"ன்னு கேட்டா எழுதினவருக்கு பதில் வரும். இலக்கணம் சரிபாக்க, ஒரு வாக்கியத்த வேற எப்படிச் சொல்லலாம்னு பாக்க ஏஐய வெச்சுக்கட்டும், வெச்சுக்கிட்டத சொல்லிடட்டும். ஆனா மேற்கோள் மட்டும் அது கொடுத்தா ஒன்னொன்னா தேடித் திறந்து பாத்தே ஆகணும், இல்லாத பேப்பர இருக்கிற மாதிரி, ஆசிரியர் பேரு வருஷம் எல்லாம் போட்டு அது கொடுக்கும். ஒரு தடவ வகுப்புல எல்லாரையும் தங்கள் பட்டியல்ல இருக்கிற பேப்பர திறந்து காட்டச் சொன்னேன், நாலு பேருக்கு எவ்வளவு தேடியும் பேப்பர் கிடைக்கல. அதுக்கப்பறம் நான் எதுவும் பேச வேண்டிய தேவையே வரல.

எனக்கு இதுல ஒரு வருத்தம் இருக்கு, சொல்லிடறேன். எழுதும்போது தான் நமக்கு என்ன புரியலைன்னு தெரிய வரும். ரிப்போர்ட் எழுதிக்கிட்டு இருக்கும்போது பாதி வாக்கியத்துல நின்னு, அய்யோ இந்த ரீடிங் ஏன் இப்படி வந்துச்சுன்னு திரும்ப லேப்புக்கு ஓடின பிள்ளைங்கள எனக்குத் தெரியும். எழுதுற வேலைய மெஷின் கிட்ட கொடுத்துட்டா அந்த ஓட்டம் நின்னு போயிடும்.

கேள்வி: அறுபது பேர், ஆளுக்கு மூணு டிராஃப்ட், 180 தாள். நான் எப்போ சார் திருத்துறது? எனக்கும் வீடு இருக்கு.

பதில்: எல்லாத்தையும் திருத்தாதீங்க, நிஜமா சொல்றேன். தாள் பூரா சிவப்பு மையப் பாத்தா பிள்ளைங்க மார்க்க மட்டும் பாத்துட்டு மூடி வெச்சுடுவாங்க. முதல் டிராஃப்ட நீங்க தொடவே வேண்டாம், வேற டிபார்ட்மென்ட் பிள்ளைங்க கிட்ட கொடுங்க, சிவில் எழுதினத எலக்ட்ரிக்கல் படிக்கட்டும், "எந்த வரியில நான் நின்னுட்டேன், ஏன்"னு மட்டும் ஓரத்துல எழுதட்டும். ரெண்டாவதுல நீங்க ஒரு பக்கம் மட்டும் படிங்க, ரெண்டே ரெண்டு விஷயம் சொல்லுங்க, ஒன்னு அமைப்பப் பத்தி, ஒன்னு வாக்கியத்தப் பத்தி. ஒரே பிழைய பத்து இடத்துல அடிக்காம ஒரு இடத்துல காட்டி மத்தத அவங்களே தேடட்டும். மூணாவதுக்குத்தான் மார்க், அதுலயும் ரெண்டாவதுலேந்து எவ்ளோ நகர்ந்திருக்காங்கன்னு பாத்துப் போடுங்க.

எழுத்துத் தாள குறைங்கன்னும் சொல்வேன். நாப்பது பக்க ரிப்போர்ட் ஒன்ன விட ஒரு பக்கத்த நாலு தடவ திருப்பி எழுத வெக்கிறது பிள்ளைங்களுக்கு நல்லது, உங்களுக்கும் ஞாயித்துக்கிழம மிஞ்சும்.

கேள்வி: யூனிட் எழுதுறதுல எப்பவும் மார்க் போகுது. அவ்ளோ பெரிய விஷயமா அது?

பதில்: பெரிய விஷயம் தான். சின்ன எம் போட்டா மில்லி, பெரிய எம் போட்டா மெகா, மில்லிவாட்டுக்கும் மெகாவாட்டுக்கும் நடுவுல நூறு கோடி மடங்கு. எண்ணுக்கும் யூனிட்டுக்கும் நடுவுல ஒரு இடம் விடுங்க, கிராஃபோட ரெண்டு அச்சுலயும் பேரும் யூனிட்டும் போடுங்க, டேபிள் தலைப்புலயே யூனிட்ட போட்டுட்டா கீழ ஒவ்வொரு எண்ணுக்கும் போட வேண்டாம்.

கேள்வி: அடுத்த வருஷம் ப்ராஜெக்ட் ஆரம்பிக்கப் போறேன். ரிப்போர்ட்ட எப்போ எழுத ஆரம்பிக்கணும்?

பதில்: முதல் ரீடிங் எடுக்கிற அன்னிக்கு. ஒரு நோட்டு போட்டு தேதி, கருவியோட பேரு, என்ன செட்டிங், என்ன வந்துச்சு, என்ன சந்தேகம்னு அன்னன்னிக்கு எழுதிடுங்க, மறுநாள் எழுதலாம்னு தள்ளினா செட்டிங் மறந்து போகும். டேட்டா வந்ததும் முதல்ல கிராஃப், டேபிள் போடுங்க, ஒவ்வொன்னுக்கும் கீழ "இதுலேந்து என்ன தெரியுது"ன்னு ஒரு வாக்கியம் எழுதுங்க. அந்த வாக்கியங்கள வரிசையா வெச்சா ரிசல்ட் அத்தியாயம் கிட்டத்தட்ட ரெடி. அப்பறம் எப்படி செஞ்சோம்னு எழுதுங்க, நோட்டு கையில இருக்கிறதால அது சுலபம். முன்னுரைய அதுக்கப்பறம் எழுதுங்க, அப்ஸ்ட்ராக்ட் எல்லாத்துக்கும் கடைசி. முதல் நாளே முன்னுரையில உக்காந்தா அந்த "இன்றைய நவீன உலகில்" தான் வந்து நிக்கும்.